இடக்கையின் இடம்

என் மாணாக்கரிடையே என்னைப் பற்றிய நகைச்சுவை ஒன்று சில ஆண்டுகளாக உலவி வருகின்றது. ஆய்வுகூடத்தில் மின்னூட்டப்பட்ட கருவி எதனை அணுகும்போதும் என் இடக்கை தானாகவே காற்சட்டைப் பைக்குள் புகுந்து கொள்ளுமாம். சென்ற ஆண்டு நடந்த ஒன்றுகூடலில் மாணவர் ஒருவர் மேடையேறி, இடக்கையைப் பைக்குள் திணித்தபடி, வலக்கை ஒன்றினாலேயே இரு கோப்பைகளில் தேநீர் ஆற்ற முயன்று அவையோரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். ஆயினும், வீடு திரும்பும் வழியில் ஓர் எண்ணம் உறுத்தியது. இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பதை இவர்களுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இக்கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியாகும்.

இங்கு பொறியியற் பட்டம் பெற்றபின், மேற்படிப்பின் பொருட்டுக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற்குச் சென்றேன். 2007ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. கிடைத்த உதவிப் பணம் அறை வாடகையுடன் முடிந்துவிடும். எனவே கிச்சினர் நகரில், பழைய ‘ஆர்க்கேட்’ விளையாட்டுப் பெட்டிகளைத் திருத்தி விற்கும் சிறிய தொழிற்கூடமொன்றில் மாலைநேர வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தலைமைத் தொழிலாளியாக இருந்தவர் யாழ்ப்பாணத்தவர். அறுபது வயதைக் கடந்தவர். ஊரில் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தும் கடை வைத்திருந்து, போரினால் யாவற்றையும் விட்டுப் புறப்பட்டவர். அவரை நான் ‘அண்ணை’ என்றே அழைத்தேன். அவருக்கு நான் முதல் நாளிலிருந்தே ‘தம்பி’ ஆனேன்.

ஆர்க்கேட் பெட்டி என்பதை இன்றைய மாணவர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். ஆளுயர மரப்பெட்டி, அதனுள் ஒரு திரை, முன்னே பிடியும் பொத்தான்களும், காசு போட ஒரு துளை. அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் 1972இல் ‘பொங்’ என்னும் விளையாட்டை உருவாக்கியபோது, அதன் முதல் மாதிரிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது கடையில் வாங்கிய சாதாரண கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியே. பின்னர் 1978இல் யப்பானிலிருந்து ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தது. 1980இல் ‘பக்மான்’ வந்தது. இவற்றுக்கென்றே தனி மொனிற்றர்கள் செய்யும் நிறுவனங்கள் எழுந்தன. 1979இல் வெளிவந்த ‘அஸ்ரறொயிட்ஸ்’ பெட்டிகளுக்கு மொனிற்றர் வழங்கிய இலெக்ற்றோஹோம் நிறுவனம் அதே கிச்சினர் நகரத்தைத் தாயகமாகக் கொண்டது. எனவே, அந்த ஊரில் நாங்கள் அப்பெட்டிகளைத் திறந்தபோது, பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பொருட்களைத் திறப்பதுபோல இருந்தது.

அக்காலத் திரை யாவும் கதோட்டுக் கதிர்க் குழாய்கள். இன்று அவற்றைப் புதிதாகச் செய்து விற்பார் அரியர். ஆகவே, பழைய பெட்டியைப் பழைய ஒளியுடனேயே காண விரும்புவோருக்குத் திருத்துவதே வழி. முப்பது ஆண்டுகளில் மின்பகு கொள்ளளவிகளின் உள்ளிருக்கும் திரவம் வற்றுகின்றது. படம் சுருங்குகின்றது, வளைகின்றது, ஓரத்தில் மடிகின்றது. பத்துப் பதினைந்து கொள்ளளவிகளை மாற்றிவிட்டால் பெரும்பாலும் படம் நேராகிவிடும். வேலை கடினமானதன்று. ஆனால், அந்த வேலைக்காகக் கையை நுழைக்கவேண்டிய இடமே கடினமானது.

குழாயின் கண்ணாடி வயிற்றில், சிறு இறப்பர்க் கிண்ணமொன்றின் கீழ், அனோட்டு இருக்கிறது. நிறம் காட்டும் 19 அங்குலக் குழாயொன்றில் அதன் அழுத்தம் 20,000 வோல்ற்றுக்குக் குறையாது. பிளைபாக் எனப்படும் நிலைமாற்றி, நொடிக்கு ஏறத்தாழ 15,700 தடவை துடித்து அவ்வழுத்தத்தை உண்டாக்குகின்றது. செருகியைக் கழற்றியபின்னும் அந்த ஏற்றம் குழாயிலேயே தங்கியிருக்கக் கூடும். இதன் காரணம் எளியது. கண்ணாடியின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் காரீயகப் பூச்சு உண்டு. இரு கடத்திகள், நடுவே ஒரு காவலி. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் வொன் கிளைஸ்டும், லைடன் நகரத்து முசென்புறூக்கும் தனித்தனியே கண்டறிந்த லைடன் சாடியும் இதுவே. அதனால் தாம் பெற்ற அதிர்ச்சியைப் பாரிசிலிருந்த அறிஞரொருவருக்கு விவரித்து எழுதிய முசென்புறூக்கு, பிரான்சு தேசம் முழுவதையும் தருவதாயினும் அதனை மீண்டும் ஏற்கமாட்டேன் என்ற கருத்தைத் தெரிவித்திருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப்பின் அச்சாடியை நாம் வரவேற்பறையில் வைத்துப் படம் பார்த்தோம்.

ஆகவே, முதல் நாள் அண்ணை எனக்குக் கற்பித்தது குழாயின் ஏற்றத்தை இறக்கும் முறையைத்தான். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். சிலிக்கன் சில்லுகளைக் கையாளும்போது நிலைமின் தாக்காதிருக்க அணியும் புவித்தொடுப்புப் பட்டையொன்றை நான் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதனைக் கண்டதும் தாமே அவிழ்த்து மேசையில் வைத்தார்.

“தம்பி, இது சில்லைக் காப்பாத்துற சாமான். உம்மைக் காப்பாத்துற சாமானில்லை. உயர் அழுத்தத்துக்குப் பக்கத்திலை உம்மை நீரே மண்ணோடை கட்டி வைக்கப்படாது.”

பிறகு செய்து காட்டினார். செருகியைக் கழற்றி, அது கழன்றிருப்பதைக் கண்ணால் பார்த்தார். குழாயின் வெளிப்பூச்சின்மீது படிந்து கிடக்கும் பின்னற் கம்பியில் ஒரு கிளிப்பை மாட்டினார். அதன் மறுமுனை, தடித்த காவலிப் பிடியுள்ள தட்டை ஸ்குறூ றைவரின் தண்டுடன் இணைந்திருந்தது. இடக்கையைப் பைக்குள் வைத்தார். வலக்கையால் அந்தத் தட்டை முனையை இறப்பர்க் கிண்ணத்தின் ஓரத்தால் மெல்ல நுழைத்தார். ‘பட்’ என்றொரு நீலப்பொறி. சில நிமிடம் காத்திருந்து மீண்டும் நுழைத்தார். மறுபடியும் சிறியதொரு பொறி. கண்ணாடி உறிஞ்சி வைத்திருந்த ஏற்றத்தின் ஒரு பகுதி மெல்ல வெளிவந்து மீண்டும் சேர்கின்றது. ஆதலால் ஒருதடவை போதாது. உயர் தடையி ஒன்றினூடாக இறக்குவது பொறியின் வேகத்தைத் தணிக்கும், சுற்றிலுள்ள சில்லுகளுக்கும் நல்லது என்றார். பிற்காலத்து மொனிற்றர் பலவற்றில் ஏற்றம் தானாகவே கசிந்து இறங்க வழி உண்டு. அந்த வழி பழுதாகியிராது என்பதற்கு மட்டும் பொறுப்பாளர் எவருமில்லை என்றும் சொன்னார்.

அந்த நீலப்பொறி என் மனத்தைப் பற்றிக்கொண்டது. இரண்டு வாரம் அதனையே நினைத்து அஞ்சினேன். பின்னர் அதனை வெல்லப் பழகினேன். பழகியபின் பெருமிதமும் கொண்டேன். அந்தப் பெருமிதமே என்னை வீழ்த்தியது.

மூன்றாம் வாரம், அண்ணை தேநீர் வைக்க உள்ளே சென்றிருந்தார். நான் மொனிற்றரொன்றின் குழாயை முறைப்படி இருதடவை இறக்கினேன். கிண்ணத்தைக் கழற்றினேன். ஆபத்து நீங்கிவிட்டதென்ற நிம்மதியுடன், உலோகச் சட்டகத்தின் விளிம்பை இடக்கையால் பற்றி, சுற்றுப்பலகையை வலக்கையால் திருப்பினேன். என் விரல்கள் பலகையின் அடிப்புறத்தில் ஒரு பற்றாசுப் புள்ளியைத் தொட்டன.

மார்பின் குறுக்கே யாரோ பனங்கட்டையால் அடித்ததுபோல இருந்தது. உடல் பின்னோக்கி எறியப்பட்டது. பின்மேசையில் நிறுத்தியிருந்த வேறொரு குழாயின் கழுத்தில் என் முழங்கை மோதியது. கழுத்து முறிந்தது. ‘ஸ்ஸ்’ என்று காற்று உட்புகும் ஓசை கேட்டது. கழுத்தின் உட்புறத்தில் வெள்ளி போல் மினுங்கிய படலம் என் கண்ணெதிரே வெளிறி வெண்மையாயிற்று. வெற்றிடம் போய்விட்டது, குழாய் இறந்துவிட்டது. கழுத்து முறிந்ததோடு அது நின்றதும் என் நல்லூழே. அத்தகைய குழாயின் முகத்தின்மீது மட்டும் வளிமண்டலம் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைச் சுமத்தி நிற்கின்றது. வயிற்றுப்புறக் கண்ணாடி உடைந்திருந்தால், சிதறிய துண்டுகள் என் முகத்திலேயே பதிந்திருக்கும்.

அண்ணை ஓடிவந்தார். குழாயை ஏறெடுத்தும் பாரார். என்னைக் கீழே இருத்தி, மணிக்கட்டில் நாடி பார்த்து, தம் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று நான் மறுத்தேன். “மின்சாரம் குறுக்காலை போனால் நெஞ்சுக்கு என்ன எண்டதை நெஞ்சைப் பார்க்கிறவன்தான் சொல்லவேணும்” என்றார். இதயத் துடிப்பைப் பதிவு செய்து, சில மணிநேரம் இருந்து போகும்படி கூறினார்கள்.

காத்திருந்த கூடத்தில் அவர் கேட்ட முதற் கேள்வி இது: “எதைத் தொட்டனீர்?”

“வடிப்புக் கொள்ளளவி, அண்ணை. அதிலை 160 வோல்ற்றுத்தானே.”

“அளந்தனீரோ?”

நான் பேசாதிருந்தேன். 20,000 வோல்ற்றை இருதடவை இறக்கியவன், 160 வோல்ற்றை ஒருதடவையேனும் அளக்கவில்லை. அதனை இறக்கவேண்டிய தடையி அறுந்து கிடந்ததும் எனக்குத் தெரியாது.

அவர் சட்டைப் பையிலிருந்து பழைய பற்றுச்சீட்டொன்றை எடுத்து, அதன் பின்புறத்தை என்னிடம் நீட்டினார். “படிச்ச பிள்ளைதானே. இரண்டிலையும் எவ்வளவு சக்தி இருக்கு எண்டு கணக்குப் பாரும்.”

கொள்ளளவியில் சேமிக்கப்படும் சக்தி, கொள்ளளவத்தையும் அழுத்தத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதன் அரைப்பங்கு. உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்த சூத்திரம். குழாயின் கொள்ளளவம் 2,000 பைக்கோபரட்டு என்றும் அழுத்தம் 22,000 வோல்ற்று என்றும் கொண்டேன். விடை ஏறத்தாழ அரை யூல். நான் தொட்டது 500 மைக்குரோபரட்டு, 160 வோல்ற்று; விடை ஏறத்தாழ ஆறரை யூல். நான் பேயென அஞ்சியதைக் காட்டிலும், பொருட்படுத்தாது தொட்டதில் பதின்மூன்று மடங்கு சக்தி இருந்தது.

கணக்கு அத்துடன் முடியவில்லை. கையிலிருந்து கைவரை உடலின் தடையை 1,500 ஓம் என்று கொள்வோம். குழாய் அவ்வழியே ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்குக்குள் இறங்கி ஓய்ந்துவிடும். அது ஓர் அறை. கொள்ளளவியோ 100 மில்லியம்பியர் அளவில் தொடங்கி, முக்கால் நொடி கடந்தும் அதன் மூன்றிலொரு பங்கைச் செலுத்திக் கொண்டிருக்கும். ஒரு மில்லியம்பியர் உணரப்படுவது. பத்தின் அளவில் தசை இறுகிப் பிடி விடாதிருப்பது. சில பத்துகளிலிருந்து நூறு மில்லியம்பியர்வரை மார்பின் குறுக்கே ஓடினால் இதயத்தின் ஒழுங்கையே குலைக்க வல்லது. என் கை உதறி விலகியிராவிடின், ஓர் இதயத்துடிப்பின் காலம் முழுவதும் அந்த ஓட்டம் என்னூடாகச் சென்றிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ இருண்ட இடம் ஒன்று மட்டுமே பேயாகத் தெரிந்தது; வெளிச்சத்தில் நின்றதை நான் காணவில்லை.

பற்றுச்சீட்டை அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் அதனைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, நான் கேளாமலே சொன்னார். அதன்பின் எங்களுக்கிடையே அப்பேச்சு எழுந்ததில்லை.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாகினி தொடங்கியது 1982இல். அக்காலத்தில் மத்திய கிழக்கிலிருந்து திரும்புவோர் கொண்டுவந்த பெட்டிகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் பெருகின. அண்ணையின் கடையில் பதினேழு வயதுப் பையனொருவன் தொழில் பழகினான். அப்பெட்டிகள் சிலவற்றில் உலோகச் சட்டகம் மின்வழங்கலின் ஒரு கம்பியுடன் நேரடியாகவே இணைந்திருக்கும். அந்தக் கம்பி நொதுமலாக இருக்கும்வரை தீங்கில்லை. இருமுனைச் செருகியைத் திருப்பிச் செருகினால் சட்டகமே உயிர்க்கம்பியாகிவிடும். பெட்டி வழமைபோலவே படம் காட்டும். ஒருநாள் வீடொன்றுக்குப் பெட்டி பார்க்கப் போன பையன், பின்மூடியைக் கழற்றி, ஒரு கையால் சட்டகத்தைப் பிடித்தபடி, சாளரத்துக்கு வெளியே மண்ணில் நாட்டியிருந்த அன்ரெனாவின் இரும்புக் குழாயை மறுகையால் திருப்பினான்.

“குழாயிலை இருக்கிற சிவப்புக் கிண்ணத்தைத் தொடாதை எண்டு நான் அவனுக்கு ஆயிரந்தரம் சொன்னனான், தம்பி. அதை அவன் தொடேல்லை. மற்றதைப் பற்றி நான் ஒருக்காலும் சொல்லேல்லை. அவன்ரை தாயிட்டைப் போய்ச் சொன்னதும் நான்தான்.”

அவருடைய இடக்கை அப்போதும் பைக்குள் இருந்தது. அதைப் பழக்கமென்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

ஆர்க்கேட் மொனிற்றர் தொலைக்காட்சியின் பிள்ளை; பரம்பரைக் குணம் அதற்கும் உண்டு. அவற்றுட் பல, சுவர் மின்சாரத்திலிருந்து தம்மைப் பிரித்துக்கொள்ளும் வழியைத் தம்முள் கொண்டிருக்கவில்லை. அந்தப் பொறுப்பை மரப்பெட்டியின் அடியில் இருந்த தனியாக்கும் நிலைமாற்றி ஏற்றிருந்தது. பெட்டிக்குள் இருக்கும்வரை மொனிற்றர் காவலில் இருக்கின்றது. திருத்துபவர் அதனை வெளியே எடுத்து மேசையில் வைத்துச் சுவரோடு நேரே இணைக்கும்போது, யாழ்ப்பாணத்து வீட்டில் நடந்தது ஒன்ராறியோவிலும் நடக்கலாம். எங்கள் மேசையில் அந்த நிலைமாற்றி நிலையாகப் பூட்டப்பட்டிருந்தது. அதனைத் தவிர்த்து எதனையும் இயக்க அண்ணை எவரையும் விட்டதில்லை. அதுவும் முழுக் காவலன்று. அதன் பின்பக்கத்து இரு முனைகளையும் இரு கைகளால் தொடுபவரை அது காக்காது. வீடுகளில் ‘ற்றிப் சுவிச்’ என வழங்கும் காவற்கருவிக்கும் அந்தத் தொடுகை தெரியவராது, ஏனெனில் புவிக்குக் கசியும் ஓட்டமே அதன் கண்ணுக்குப் புலப்படுவது. ஒரு காவல் தொடங்கும் இடத்தில் இன்னொரு காவல் முடிகின்றது. எஞ்சியிருப்பது கையின் இடம் ஒன்றே.

அந்த இரவுக்குப்பின் என் ஒழுங்கு மாறியது. குழாயை இறக்குவதை நான் கைவிடவில்லை. அதன் அறை கொல்லாவிடினும் கையை உதறச் செய்யும். உதறிய கை எதனை உடைக்கும் என்பதை நான் கண்டவன். ஆனால், அதன்பின் வடிப்புக் கொள்ளளவியை அளப்பேன்; தடையியினூடாக இறக்குவேன்; மீண்டும் அளப்பேன். அளக்கும் மானியையே முதலில் அறிந்த அழுத்தமொன்றில் சோதித்துக்கொள்வேன். பழுதான மானி காட்டும் சுழியம் பொய்ச்சாட்சி. தனியே இருக்கும்போது மின்னூட்டிய எதனையும் திறப்பதில்லை. இவை யாவும் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுப்பதில்லை.

கதோட்டுக் கதிர்க் குழாய்கள் நம் வீடுகளை விட்டு அகன்றுவிட்டன. ஆகவே, இப்பழங்கதையால் நமக்கென்ன பயன் என்று ஒருவர் கேட்கக் கூடும். குழாய் அகன்றது, கொள்ளளவி அகலவில்லை. நம் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நேராக்கினால் அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற்று. கணினியின் மின்வழங்கிப் பெட்டிக்குள் இருப்பது அதுவே. அங்கே இறப்பர்க் கிண்ணமும் இல்லை, நீலப்பொறியும் இல்லை. கறுப்பு உருளையொன்று அமைதியாக நிற்கின்றது. அச்சுறுத்தும் தோற்றம் இல்லாமையால் அதற்கு அஞ்சுவாரும் இல்லை. அதனாலேயே, செய்முறை வகுப்பின் முதல் நாளில் நான் உங்களுக்கு எதனையும் இயக்கிக் காட்டுவதில்லை. செருகியைக் கழற்றிய கருவியொன்றை மேசையில் வைத்து, ‘இன்னும் இதில் ஏற்றம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறேன். கையில் மானியைத் தருகிறேன். விடையை ஊகித்துச் சொல்பவருக்குப் புள்ளி வழங்குவதில்லை என்று என்மேல் குறை சொல்வோர் உளர் என்பதையும் அறிவேன்.

அண்ணை இன்று இல்லை. கடைசியாக அவரைக் கண்டபோது அவர் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முதியோர் இல்லத்தின் சாளரத்தருகே அமர்ந்து, வலக்கையால் தேநீர் அருந்திக் கொண்டிருந்தார். இடக்கை எங்கிருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மேடையில் என்னைப் போல் நடித்த மாணவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலிலும் தாராளமாக நடியுங்கள். நானும் முன்வரிசையில் அமர்ந்து சிரிப்பேன். மேடையை விட்டிறங்கி ஆய்வுகூடத்துக்கு வரும்போதும் அந்தக் கை பைக்குள்ளேயே இருக்கட்டும்.